முடிவுக்கு முன்னால் உடைந்த முட்டைகள்

கெர்லின் எங்கள் விடுதிக்கு வந்தது ஒரு ஜூலை மாதம். பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்கள் ரொசாரியோவில் ஜூலை என்றால் கடுங்குளிர். ஹைட்டியிலிருந்து புறப்பட்ட பெண்ணுக்கு அதை யாரும் சொல்லி அனுப்பவில்லை போலிருக்கிறது. மெல்லிய பருத்திச் சட்டை, அதன்மேல் வழியில் யாரோ கொடுத்த ஆண்பிள்ளைக் கோட்டு, கையில் ஒரு பெட்டி. வணக்கம் சொல்ல வாயைத் திறந்தாள். வாயிலிருந்து புகை வந்தது. பேச்சை நிறுத்தி அதையே பார்த்தாள். மறுபடி வணக்கம் சொன்னாள், மறுபடி புகை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உள்ள வாடி ஒல்லி, வாசல்லயே உறைஞ்சிடாத" என்று நெலிதா அக்கா அவளை இழுத்துக்கொண்டாள். விடுதி நெலிதா அக்காவுடையது. சமையலும் துப்புரவும் என்னுடையது. பள்ளிக்கூடத்தைச் சின்ன வயதிலேயே விட்டுவிட்டு சாக்கோ மாகாணத்திலிருந்து இந்த ஊருக்கு வந்தவள் நான். அன்றிலிருந்து அந்த அடுப்படிதான் என் இடம். பேச்சு எனக்கு அவ்வளவாக வராது. அதனால் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடைக்கும்.

முதல் வாரம் கெர்லின் எல்லாருக்கும் கை கொடுத்தாள். மாடி அறையில் இருக்கும் ரூபென், வாடகைக் கார் ஓட்டுகிறவர், எங்கள் ஊர் வழக்கப்படி வணக்கத்துக்குக் கன்னத்தில் முத்தமிடக் குனிந்தார். அவள் துள்ளிப் பின்வாங்கி ஃப்ரிட்ஜில் மோதிக்கொண்டாள்.

"ஏம்மா, நான் என்ன கடிக்கவா வந்தேன்?" என்றார் ரூபென்.

"உன் மீசைய பாத்தா எனக்கே அப்படித்தான் தோணுது" என்றாள் நெலிதா அக்கா.

நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மணி பத்தைத் தாண்டிவிடும். கெர்லினுக்கு ஆறு மணிக்கே பசிக்கும். கேட்க வெட்கப்பட்டு, தண்ணீர் குடிக்கும் சாக்கில் அடுப்படிக்கு இரண்டு மூன்று முறை வந்து போவாள். அதைக் கவனித்த பிறகு, சாயங்காலமானால் ஒரு தட்டில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்து, மேலே ஒரு துணி மூடி மேசை ஓரத்தில் விட்டுவிடுவேன். பிறகு பார்த்தால் தட்டு கழுவி வைத்திருக்கும்.

அப்புறம் அவளே என்னோடு நின்று சமைக்க ஆரம்பித்தாள். முட்டைக்கோசையும் பச்சை மிளகாயையும் காடியில் ஊறவைத்து ஒரு ஜாடி செய்தாள். ரூபென் ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடினார். "டாக்டர் ஆறதுக்கு முன்னாடியே ஆளக் கொல்லப் பாக்குறா" என்று முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டே கத்தினார். எனக்கு அது பிடித்தது. இன்றைக்கும் அந்த ஜாடி எங்கள் அடுப்படியில் உண்டு.

அவள் வந்தது மருத்துவம் படிக்க. எங்கள் நாட்டில் அரசாங்கக் கல்லூரிக்குக் கட்டணம் கிடையாது. அதற்காகவே எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் இந்த ஊருக்கு வருவார்கள். முதலில் மொழி, பிறகு உடற்கூறு, பிறகு மருந்துகள், பிறகு ஆஸ்பத்திரி வேலை என்று வருடங்கள் ஓடின. ஒல்லியாக வந்தவள் ஒல்லியாகவே இருந்தாள், ஆனால் சிரிப்புச் சத்தம் பெரிதாகிவிட்டது. ஆற்றங்கரையில் நடந்தபடி மாத்தே என்ற சூடான இலைத் தேநீரை உறிஞ்சவும், கால்பந்துக்குத் தொண்டை வறளக் கத்தவும், பஸ் ஓட்டுநரோடு சண்டை போடவும் கற்றுக்கொண்டாள். ஒன்று மட்டும் வரவில்லை. பேராசிரியர்களிடம் பேச வரவில்லை.

எங்கள் ஊர்க் கல்லூரியில் பெரிய பரீட்சைகள் எல்லாம் வாய்ப்பேச்சுதான். மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பார்கள், இந்தப் பக்கம் இருப்பவர் சொல்ல வேண்டும். கெர்லினுக்கு மற்றதெல்லாம் தட்டுத் தடுமாறி முடிந்து அறுவை சிகிச்சைப் பாடம் ஒன்றே பாக்கி. அதற்கு இரண்டு முறை உட்கார்ந்துவிட்டாள். இரண்டு முறையும் போய்விட்டது. தெரியாமல் இல்லை. அவள் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது தலைமைப் பரிசோதகர் டாக்டர் கத்தானெயோ இடையில் புகுந்து ஏதாவது கேட்பார். உடனே அவள் தலையைக் குனிந்து வாயை மூடிக்கொள்வாள். அவ்வளவுதான்.

அவளுடைய அண்ணன் வில்னர் சிலியில் பழங்களைப் பெட்டியில் அடுக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தான். இரண்டாவது தோல்விக்குப் பிறகு அவன் பேசியதை உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"இந்த டிசம்பர் பரீட்சைதான் கடைசின்னு சொல்லிட்டான்க்கா. இதுலயும் வரலைன்னா எல்லாத்தையும் விட்டுட்டு அங்க வந்துடணுமாம். அவன் பக்கத்துலயே எனக்கு ஒரு இடம் பேசி வெச்சிருக்கான். செர்ரி அடுக்குற வேல."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்." கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "பாவம், அவனும் எத்தன வருஷம்தான் எனக்காகக் காத்திருப்பான்?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சை நெலிதா அக்கா கேட்டுவிட்டாள். கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"செர்ரியா? ஏழு வருஷம் என் வீட்டு விளக்க எரிச்சிப் படிச்சவ செர்ரி அடுக்கப் போறாளா? இன்னையிலேருந்து பரீட்சை இங்கதான். நான்தான் கத்தானெயோ. சுலேமா, அந்த மூக்குக்கண்ணாடிய எடு" என்று என்னிடம் கையை நீட்டினாள்.

ரூபென் ஒரு பரிசோதகர். கெர்லினோடு படித்து ஒரு வருடம் முன்பே தேறிவிட்ட, அன்று சாப்பிட வந்திருந்த லுஹான் என்ற பெண் இன்னொரு பரிசோதகர். நான் மறுநாளுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

"சொல்லு, குடல்வால் வீங்கினா என்ன ஆகும்?" என்றாள் நெலிதா அக்கா.

"முதல்ல தொப்புளச் சுத்தி வலி வரும். அப்புறம் அது வலது பக்கம் கீழ எறங்கி..."

"வலதா? நல்லா யோசிச்சியா?" என்று ரூபென் புகுந்தார்.

கெர்லின் நிறுத்தினாள்.

"ஏண்டி நிறுத்தின?"

"அவர் கேட்டாரே."

"அவன் கேப்பான். அவனுக்கு எது வலது எது இடதுன்னே தெரியாது. கார ஓட்டிட்டு எப்படித்தான் வீடு வந்து சேர்றானோ."

"எங்க ஊர்ல வாத்தியார் வாயத் திறந்தா நாங்க மூடிக்கணும், நெலிதாம்மா. சின்ன வயசுலேருந்து அப்படித்தான். மூடலைன்னா பிரம்பு."

"இங்க மூடினா ஒனக்குத் தெரியலைன்னு அர்த்தம்" என்றாள் லுஹான். "கத்தானெயோ உன்ன மடக்கறதுக்குக் கேக்கலடி. அவர் அவங்க அம்மாகிட்டயும் அப்படித்தான் பேசுவார். நீ பாட்டுக்குச் சொல்லிட்டே போ. 'என்னை முடிக்க விடுங்க'ன்னு சொல்லு."

"டாக்டர்கிட்டயா?"

"டாக்டர்கிட்டதான்!"

அவள் கண்களில் தெரிந்த பயத்தைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. எங்கள் மேசையில் யாரும் யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை. குறுக்கே பேசினால்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். பேசாமல் இருக்கிறவள் நான் ஒருத்திதான், என்னையும் அவர்கள் விட்டு வைத்தார்கள். அந்த மாதம் முழுவதும் சாப்பாட்டு மேசையில் பரீட்சை நடந்தது. நெலிதா அக்கா பித்தப்பையைப் பற்றிக் கேட்டுவிட்டு, பதில் பாதியில் இருக்கும்போது உப்பைக் கேட்பாள். ரூபென் வேண்டுமென்றே தும்முவார். கெர்லின் ஒவ்வொரு முறையும் நின்றாள். சிரித்தாள், மன்னிப்புக் கேட்டாள், மறுபடி நின்றாள்.

பரீட்சைக்கு முதல் நாள் வேறொரு சண்டை வந்தது. கடைசிப் பரீட்சை தேறி வெளியே வருகிறவர் தலையில் முட்டையும் மாவும் கொட்டாமல் விட்டால் எங்கள் ஊரில் அது பட்டமே இல்லை. நெலிதா அக்கா ஒரு அட்டை நிறைய முட்டை, கோதுமை மாவு, கடுகு விழுது, பழைய மாத்தே இலைச் சக்கை எல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். ரூபென் அதைப் பார்த்துவிட்டார்.

"இத யாரு இப்பவே வாங்கச் சொன்னது? முடிவு வரதுக்கு முன்னாடி முட்டை வாங்கினா வெளங்குமா? என் மச்சான் இப்படித்தான் மேட்சுக்கு மொத நாளே பட்டாசு வாங்கினான். நாலு கோல் வாங்கிட்டு வந்தோம்."

"அப்ப என்ன, பாஸானதுக்கு அப்புறம் கோழியத் தேடிப் போகச் சொல்றியா?"

"நீ எடுத்துட்டு வா. ஆனா மூடி வெச்சுக்கோ. அவ வாயால 'பாஸ்'னு சொல்ற வரைக்கும் ஒரு முட்டையக்கூட யாரும் தொடக்கூடாது. நான் சொல்லிட்டேன்."

மறுநாள் காலையிலேயே வெயில் தகித்தது. கெர்லினின் வெள்ளைச் சட்டையை நான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி கழற்றிப் போட்டாள். கல்லூரி வாசலில் எங்களைப் போலவே மூன்று நான்கு குடும்பங்கள் பைகளோடு நின்றிருந்தன. கெர்லின் உள்ளே போனாள். நாங்கள் எதிர்ப்புறம் மரநிழலில் நின்றோம். முட்டை அட்டை என் கையில், மேலே துண்டு. ரூபென் நகத்தைக் கடித்தார். நெலிதா அக்கா தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டாள். லுஹான் மாத்தே ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள், யாரும் குடிக்கவில்லை.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. கெர்லின் படிக்கட்டில் வந்து நின்றாள். வெயிலில் கண் கூச எங்களைத் தேடினாள். பார்த்ததும் ஒரு கையை உயர்த்தினாள்.

ரூபென் கர்ஜித்தார். வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரே பாய்ச்சலில் என் கையிலிருந்த துண்டை உருவி எறிந்தார், முதல் முட்டையை எடுத்தார், தெருவைத் தாண்டி ஓடினார். "டாக்டரே!" என்று கத்திக்கொண்டே அவள் உச்சந்தலையில் உடைத்தார். பின்னாலேயே நெலிதா அக்கா மாவுப் பையைக் கவிழ்த்தாள். லுஹான் கடுகு விழுதை நெற்றியில் பிழிந்து, மாத்தே சக்கையையும் கொட்டினாள். பக்கத்தில் நின்ற மற்றக் குடும்பங்கள் கைதட்டி, தாளம் போட்டுப் பாட ஆரம்பித்தன. வழியில் போன பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

ரூபென் திரும்பத் திரும்ப வந்து அள்ளிக்கொண்டு போனதில் காலியான அட்டையோடு நான் பின்னால் நின்றேன். கெர்லின் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க!" என்றேன். அவ்வளவு சத்தமாக என் குரலை நானே கேட்டதில்லை. எல்லாரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள்.

மாவுக்கு நடுவிலிருந்து கெர்லினின் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. "இன்னும் முடிவு சொல்லல" என்றாள். "அவங்க பேசி முடிவெடுக்கணுமாம். வெளிய இருக்கச் சொன்னாங்க. உள்ள ஒரே புழுக்கம்... பொறுங்கன்னு சொல்லத்தான் கையத் தூக்கினேன்."

ரூபென் கையில் உடையாத முட்டை ஒன்று மிச்சமிருந்தது.

"நான் நேத்தே சொன்னேன்" என்றார் மெதுவாக.

"நீதானடா மொதல்ல எறிஞ்ச, பாவி!" என்று நெலிதா அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

அதற்குள் கல்லூரி ஊழியர் ஒருவர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "எக்ஸாந்துஸ்! கெர்லின் எக்ஸாந்துஸ், உள்ள வாங்க..." அவளைப் பார்த்ததும் மீதி வார்த்தை அவர் வாயிலேயே நின்றுவிட்டது.

நெலிதா அக்கா தன் கைக்குட்டையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க முட்டையும் மாவும் சேர்ந்து பிசைந்த மாவாகிப்போனது. "விடுங்க, நெலிதாம்மா" என்றாள் கெர்லின். என் கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. அப்படியே என்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாய்ப்பேச்சுப் பரீட்சைக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்பது வழக்கம்தான். ஆனால் நான் ஒரு கல்லூரி அறைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. சுவரோடு ஒட்டி நின்றேன்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கத்தானெயோ, பருமனான மனிதர், சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார். ஒரு பக்கம் விசிறியால் விசிறிக்கொண்டிருந்த ஒரு அம்மாள். இன்னொரு பக்கம் ஒரு இளம் டாக்டர், அவர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யார் செஞ்ச வேல இது?" என்றார் கத்தானெயோ.

"எங்க வீட்டு ஆளுங்க, டாக்டர்."

அந்த வார்த்தையை நான் மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எங்க வீட்டு ஆளுங்க.

"எங்களுக்கே தெரியாத முடிவு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் அவர். "இங்க எங்களுக்குள்ள ஒத்துப்போகல. இன்னும் ஒரு கேள்வி கேட்டுப் பாக்கலாம்னு நெனச்சோம். இப்ப முடியுமா? இல்ல, போய்க் குளிச்சிட்டு அடுத்த தடவை..."

"இப்பவே கேளுங்க."

"உக்காருங்க."

"வேண்டாம் டாக்டர், நாற்காலி பாழாயிடும்."

இளம் டாக்டருக்கு இருமல் வந்துவிட்டது. கத்தானெயோ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சரி. அவசரப் பிரிவுல நீங்க தனியா இருக்கீங்க. ஒருத்தர் வயித்தப் பிடிச்சிக்கிட்டு வர்றார். வயிறு பலகை மாதிரி இறுகிக் கெடக்கு. என்ன செய்வீங்க?"

"மொதல்ல மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் பாப்பேன். ஊசி போட்டு நீர் ஏத்துவேன். வலிக்கு மருந்து கொடுப்பேன். அப்புறம்..."

"வலிக்கு மருந்தா? கொடுத்தா நோய் மறைஞ்சிடாதா?"

அவள் நின்றாள். அடுப்படியில் ஒவ்வொரு ராத்திரியும் பார்த்த அதே குனிந்த தலை. செர்ரிப் பழப் பெட்டிகள் வரிசையாக என் கண்முன் வந்து நின்றன. அவள் நெற்றியிலிருந்து மஞ்சள் கரு ஒன்று மெதுவாக வழிந்து, புருவத்தைத் தாண்டி, கடுகையும் சேர்த்துக்கொண்டு கண்ணுக்குள் போனது. "ச்சே!" என்று புறங்கையால் அழுத்தித் துடைத்தாள். துடைத்த கையை அப்படியே நீட்டினாள்.

"டாக்டர், என்னை முடிக்க விடுங்க."

விசிறி நின்றது.

"மறையாது. அது பழைய நம்பிக்கை. வலியில துடிக்கிறவர்கிட்ட வயித்தத் தொட்டுப் பாக்கவும் முடியாது, ஒரு வார்த்த கேக்கவும் முடியாது. மருந்து கொடுத்தாத்தான்..."

"அப்ப எக்ஸ்ரே எப்ப எடுப்பீங்க?"

"அதத்தான் சொல்ல வர்றேன்! நிமிர்ந்த நிலையில எக்ஸ்ரே. உதரவிதானத்துக்குக் கீழ காத்து தெரிஞ்சா குடல்லயோ இரைப்பையிலயோ ஓட்டை..."

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னா ஓட்டை இல்லைன்னு ஆயிடாது, டாக்டர், அதுக்குள்ள எங்க ஓடறீங்க? அறுவை டாக்டர அதுக்கு முன்னாடியே எழுப்பியிருப்பேன், படத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன்..."

அவர் கேட்கக் கேட்க அவள் குரல் ஏறியது. அவரும் விடவில்லை, அவளும் விடவில்லை. கையை வீசி வீசிப் பேசினாள், வீசும்போதெல்லாம் மாவு பறந்தது. ஒரு கட்டத்தில் இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை மாதிரியே. அவர்கள் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் நிற்கவில்லை என்பது புரிந்தது. எப்படி வந்தது அந்தத் துணிச்சல் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "கடுகு கண்ணுல போயிடுச்சுக்கா. அந்த எரிச்சல்ல வாத்தியாரும் தெரியல, பிரம்பும் தெரியல" என்றாள்.

கத்தானெயோ கடைசியில் நாற்காலியில் சாய்ந்தார். "இந்த வாய இத்தன நாளா எங்கம்மா வெச்சிருந்தீங்க?"

"மறுபடி வெளிய அனுப்பிப் பேசலாமா?" என்றார் இளம் டாக்டர்.

"வேண்டாம்ப்பா" என்றாள் விசிறி அம்மாள். "வெளிய விட்டா அடுத்து என்னத்த எறிவாங்களோ."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. கத்தானெயோ எழுந்து மேசையைச் சுற்றி வந்து கையை நீட்டினார். "வாங்க, டாக்டர் எக்ஸாந்துஸ்." அவள் கையைக் கொடுக்கத் தயங்கினாள். அவரே பிடித்துக் குலுக்கினார். அவர் முழங்கை வரை மாவு.

கெர்லின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் வந்து கட்டிக்கொண்டாள், பிறகு என் உடையும் அவள் உடை மாதிரியே ஆனது.

வெளியே வந்தபோது ரூபென் நடைபாதையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். இந்த முறை யாரும் அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"வாயத் திறந்து சொல்லுடி!" என்று நெலிதா அக்கா அலறினாள்.

"பாஸ்!"

அடுத்து எழுந்த கூச்சலில் எதிர்வீட்டு நாய்கள் குரைத்தன. எறியத்தான் ரூபென் கையிலிருந்த ஒரு முட்டையைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. பக்கத்தில் நின்ற ஒரு குடும்பத்து அம்மாள் தன் பையை நீட்டினாள். "எங்க பையன் இன்னும் உள்ளதான் இருக்கான், பாதிய எடுத்துக்கங்க. அவனுக்கு மீதி போதும், அவன் அவ்வளவு நல்லாவும் படிக்கல." அந்த மாவும் முட்டையும் கெர்லின் தலையில் முறையாக விழுந்தன. அவள் கையை விரித்து, முகத்தை வானத்துக்குத் தூக்கி நின்று வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போக வேண்டும். "என் கார் சீட்டுக்குப் போன மாசம்தான் புது உறை போட்டேன்" என்றார் ரூபென்.

"முதல்ல முட்டை எறிஞ்சது யாரு?" என்றாள் நெலிதா அக்கா.

கடைசியில் காரின் முன்மூடிமேல் செய்தித்தாள் விரித்துக் கெர்லினை உட்கார வைத்தோம். ரூபென் ஹாரனில் கை வைத்தபடி மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். நாங்கள் பக்கத்தில் நடந்தோம். கடைக்காரர்கள் வெளியே வந்து கைதட்டினார்கள். பால்கனியிலிருந்து யாரோ ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார்கள், அந்த வெயிலுக்கு அது வரமாக இருந்தது.

கெர்லின் அண்ணனுக்கு வீடியோ அழைப்புப் போட்டாள். சிலியில் அவன் வேலை நேரம். தலையில் வலைத்தொப்பி, பின்னால் நகரும் பட்டையில் செர்ரி. தங்கையைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறியது. அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் யார் உன்னை இப்படி அடித்தது என்றுதான் கேட்டான் என்பதில் சந்தேகமில்லை. கெர்லினுக்குச் சிரிப்பில் பேச வரவில்லை. நெலிதா அக்கா ஃபோனைப் பிடுங்கினாள்.

"டாக்டர்! உன் தங்கச்சி டாக்டர்! இது நாங்க கொண்டாடறது, வேற ஒண்ணுமில்ல!"

வில்னர் பக்கத்திலிருந்தவனைத் தோளில் தட்டிக் கூப்பிட்டான். பிறகு ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கத்தினான். திரை முழுக்க வலைத்தொப்பி போட்ட முகங்கள் வந்து குவிந்தன. அடுக்க ஆளில்லாமல் செர்ரி பட்டையின் முனையில் கொட்டியது. யாரோ ஒருவர் திட்டிக்கொண்டே வருவது கேட்டது, மேற்பார்வையாளராக இருக்க வேண்டும். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஃபோனைப் பார்த்தார். மாவுக்குள் இருந்த கெர்லினைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணா டாக்டரு?" என்றார்.

"ஆமா, ஆமா!" என்று அங்கிருந்து எல்லாரும் கத்தினார்கள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இந்த வலது தோள்பட்டை ரெண்டு மாசமா..."

கெர்லின் கண்ணிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு ஃபோனை நெலிதா அக்காவிடமிருந்து வாங்கி முகத்துக்கு அருகில் கொண்டு வந்தாள். "கைய மெதுவா மேல தூக்குங்க. எந்த இடத்துல வலிக்குதோ அங்க நிறுத்துங்க, பாப்போம்" என்றாள்.